காசு கட்டும் முன்: வெப்சைட் பில்டரைச் சோதித்துப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலியைச் சுற்றி அப்பளம், வற்றல், கருப்பட்டி, பத்தமடைப் பாய் என்று சிறிய அளவில் விற்பவர்களுக்கு இணையதளம் அமைக்க உதவி வருகிறேன். யார் பேசினாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் போக்கிலேயே இருக்கின்றன. கட்டணமும் சலுகையும் அடிக்கடி மாறுபவை. ஆகவே பணம் கட்டும் நாளில் அந்தந்த நிறுவனத்தின் விலைப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெப்சைட் பில்டர் என்றால் என்ன? எனக்குக் கோடிங் எதுவும் தெரியாதே?

தெரிய வேண்டியதில்லை. விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ், வேர்ட்பிரஸ் டாட் காம், ஷாப்பிஃபை, கூகுள் சைட்ஸ் எல்லாம் இந்த வகைச் சேவைகள்தான். முன்பே வடிவமைத்து வைத்திருக்கும் டெம்ப்ளேட் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள படத்தையும் எழுத்தையும் மாற்றிவிட்டு, வெளியிடும் பட்டனை அழுத்தினால் தளம் தயாராகிவிடும். தளம் அவர்களுடைய கம்ப்யூட்டரிலேயே இருக்கும், பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு. அதற்காகத்தான் மாதச் சந்தாவோ ஆண்டுச் சந்தாவோ வாங்குகிறார்கள்.

இதை வாடகைக் கடை என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுவரும் மின்சாரமும் அவர்களுடையவை. சரக்கும் வாடிக்கையாளரும் உங்களுடையவர்கள். கடையைப் பிடிக்கும் முன் தண்ணீர் வருகிறதா, ஷட்டர் இறங்குகிறதா, காலி செய்யும்போது முன்பணம் திரும்பி வருமா என்று விசாரிப்போம் அல்லவா? சோதனைக் காலம் அதற்கானதுதான்.

"இலவசம்" என்றும் போடுகிறார்கள், "14 நாள் இலவசம்" என்றும் போடுகிறார்கள். இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. முதலாவது காலவரம்பில்லாத இலவசத் திட்டம். விக்ஸும் வேர்ட்பிரஸ் டாட் காமும் இதைத் தருகின்றன. எத்தனை மாதம் வேண்டுமானாலும் பழகிப் பார்க்கலாம். ஆனால் உங்கள் தள முகவரியில் அவர்களுடைய பெயரும் சேர்ந்து வரும், பக்கத்தில் விளம்பரம் தெரியும், சொந்த டொமைனை, அதாவது உங்கள் பெயரில் பதிந்த தள முகவரியை, இணைக்க முடியாது. இரண்டாவது, நாள் கணக்குள்ள சோதனை. ஸ்கொயர்ஸ்பேஸில் இது 14 நாள். கார்டு எண் தராமலே தொடங்கலாம். கட்டண வசதிகளில் பெரும்பாலானவற்றைத் தொட்டுப் பார்க்க முடியும், ஆனால் தளம் பொதுமக்கள் பார்வைக்கு வராது. ஷாப்பிஃபையில் சோதனை நாட்கள் இன்னும் குறைவு.

மூன்றாவதாக ஒன்று இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது பணத்தைக் கட்டிய பிறகு, பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தருவது. வேர்ட்பிரஸ் டாட் காமில் ஆண்டுச் சந்தாவுக்கு 14 நாள், மாதச் சந்தாவுக்கு 7 நாள் கெடு. விக்ஸிலும் முதல்முறை வாங்கும் திட்டத்துக்கு 14 நாள். ஆனால் இது சோதனை அல்ல. உங்கள் பணம் வெளியே போய்விட்டது. கெடுவுக்குள் கேட்டால்தான் திரும்ப வரும். முதல் இரண்டு வழிகளில் பார்க்க முடியாததைப் பார்க்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

இலவசத் திட்டத்திலேயே காலம் தள்ளிவிட முடியாதா?

தேவையைப் பொறுத்தது. கடையின் முகவரி, திறக்கும் நேரம், நான்கு படங்கள், தொலைபேசி எண் போதும் என்றால் கூகுள் சைட்ஸ் தாராளமாகப் போதும். விளம்பரம் கிடையாது, சொந்த டொமைன் இருந்தால் அதையும் கட்டணமின்றி இணைக்கலாம். கட்டுரை எழுதுபவர்களுக்கு கூகுளின் பிளாகரும் அப்படித்தான். ஆனால் கூகுள் சைட்ஸில் ஆர்டர் வாங்கிப் பணம் பெறும் கடை வசதி இல்லை.

இலவசமாகத் தருபவர் எந்த நாளும் நிறுத்திவிடலாம் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்தவர்களுக்கு ஒரு பக்கத் தளம் ஒன்றை கூகுளே இலவசமாக அமைத்துத் தந்துகொண்டிருந்தது. 2024 மார்ச்சில் அவை அனைத்தையும் மூடிவிட்டார்கள். பழைய முகவரிக்கு வருபவர்களை வரைபடப் பதிவுக்குத் திருப்பி அனுப்பும் வசதியும் அந்த ஆண்டு ஜூன் 10 வரைதான் இருந்தது. விசிட்டிங் கார்டிலும் பையிலும் அந்த முகவரியை அச்சடித்து வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அடி. அதனால் இலவசத் திட்டமே போதும் என்றாலும் டொமைனை மட்டும் உங்கள் பெயரில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சேவை மாறினாலும் முகவரி மாறாது.

சோதனைக்கே கார்டு எண் கேட்கிறார்களே, கொடுக்கலாமா?

கேட்காத சேவைகள் இருக்கும்போது முதலில் அவற்றைப் பாருங்கள். கார்டு வாங்கிக்கொள்வதன் நோக்கம் தெளிவானது: நாள் முடிந்ததும் நீங்கள் மறந்திருந்தால் சந்தா தானாகத் தொடங்கிவிடும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில், வாடிக்கையாளரை ஏமாற்றும் வடிவமைப்புகள் என 13 வகைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. இலவசச் சந்தாவுக்குக் கார்டு விவரத்தையோ தானியங்கிப் பிடித்தத்துக்கான ஒப்புதலையோ கட்டாயமாகக் கேட்பது அதில் "சந்தாப் பொறி" என்ற வகையில் வருகிறது. ரத்து செய்யும் வழியை ஒளித்துவைப்பதும் அதே வகைதான்.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், வங்கிச் செயலியில் அந்தக் கார்டின் ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனை வரம்பைக் குறைத்துவிட்டுக் கொடுங்கள். வேலை முடிந்ததும் அந்த வசதியை மூடிவிடுங்கள். வங்கிகள் இந்த வசதியைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு விதி. சோதனை முடியும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக செல்பேசியில் அலாரமும் வைத்துக்கொள்ளுங்கள்.

14 நாள் எனக்குப் போதுமா? கடையைப் பார்த்துக்கொண்டு இதையும் செய்ய வேண்டுமே?

போதும், ஆனால் கடிகாரத்தை ஓடவிட்ட பிறகு படம் எடுக்கக் கிளம்பக் கூடாது. பெரும்பாலானவர்கள் முதல் நாள் ஆர்வத்தில் கணக்கு தொடங்கி, பொருட்களைப் படம் எடுப்பதிலேயே பத்து நாளைக் கழித்துவிடுகிறார்கள். பதின்மூன்றாம் நாள் அவசரமாகப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

கணக்கு தொடங்குவதற்கு முன்பே ஒரு கோப்புறையில் இவற்றைச் சேருங்கள்: ஐந்து பொருட்களின் படங்கள், விலை, எடை, ஒவ்வொன்றையும் பற்றி நான்கு வரி, கடையைப் பற்றி ஒரு பத்தி, அனுப்பும் செலவு எவ்வளவு என்ற கணக்கு. ஐந்தே பொருட்கள் போதும். எழுபது பொருட்களையும் ஏற்றிப் பார்ப்பது சோதனை அல்ல, குடியேறுவது. அவ்வளவு உழைத்த பிறகு சேவையில் குறை தெரிந்தாலும் விட்டு வர மனம் வராது.

டெம்ப்ளேட் மிக அழகாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

அந்த அழகில் பாதி, அவர்கள் போட்டிருக்கும் புகைப்படங்களால் வருவது. மரமேசை, வெள்ளைப் பின்னணி, மாலை வெயில். அந்தப் படங்களை எடுத்துவிட்டு, உங்கள் செல்பேசியில் எடுத்த கருப்பட்டிப் படத்தைப் போட்ட பிறகு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகும் நன்றாக இருந்தால் அது நல்ல டெம்ப்ளேட்.

இன்னொன்று: விக்ஸில் ஒரு டெம்ப்ளேட்டில் தளத்தை அமைத்துவிட்டால் அதே தளத்துக்கு வேறு டெம்ப்ளேட் மாற்ற முடியாது. புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். வேர்ட்பிரஸில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஒழுங்கு கொஞ்சம் குலையும். ஆகவே மாற்ற முடியாத இடத்தில் இரண்டு மூன்று டெம்ப்ளேட்டுகளில் ஒரே ஒரு பக்கத்தைச் செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தமிழில் எழுதினால் சரியாக வருமா?

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் கேள்வி இது. கேட்பவர்களோ மிகக் குறைவு. பெரும்பாலான டெம்ப்ளேட்டுகள் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. ஆங்கில எழுத்து ஒரு வரிக்குள் அடங்கி நிற்கும். நம் எழுத்து மேலே புள்ளியும் கீழே சுழியுமாக விரியும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளமும் வற்றலும் விற்கும் ஓர் அம்மாவின் தளத்தை அமைத்தபோது "கூழ் வற்றல்" என்று தலைப்பு போட்டோம். வரிகளுக்கு இடையே இடம் போதாமல் "கூ" என்பதன் கீழ்ச்சுழியும் "ழ்" என்பதன் வாலும் வெட்டுப்பட்டு நின்றன. அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "என் பொருளின் பெயரே சரியாக இல்லையே, யார் வாங்குவார்கள்?" என்று கேட்டார். வரி இடைவெளியைக் கூட்டினால் சரியாகிவிடும். ஆனால் அந்தச் சேவை இலவசத் திட்டத்தில் அதை மாற்ற விடவில்லை. சோதனையில் தெரிந்ததால் வேறு சேவைக்குப் போனோம்.

நீங்களும் "ஸ்ரீ", "கௌ", "தூத்துக்குடி", "கூழ்" ஆகியவற்றைத் தலைப்பிலும் பட்டனிலும் மெனுவிலும் தட்டச்சு செய்து பாருங்கள். எழுத்துருப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். கூகுள் எழுத்துருத் தொகுப்பில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை எனப் பல உண்டு. இவற்றில் மீரா இனிமை ஒரே தடிமனில்தான் வருகிறது. அதைத் தடித்த எழுத்தாக்கினால் உலாவியே செயற்கையாகத் தடிக்க வைக்கும். எழுத்தின் உட்குழிகள் அடைபட்டுப் போகும். தலைப்புக்குப் பல தடிமன் உள்ள நோட்டோ அல்லது முக்தா மலர் நல்லது. இருபுறமும் சமன்செய்து அடுக்கும் வசதியையும் தவிர்த்துவிடுங்கள். நம் சொற்கள் நீளமானவை, செல்பேசியின் குறுகிய அகலத்தில் சொற்களுக்கு நடுவே பெரிய இடைவெளி விழும்.

அச்சகத்தில் வாங்கிய பழைய நோட்டீஸின் எழுத்தை அப்படியே ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துரு. சேவையின் குறை அல்ல, இணையத்தில் பொதுவாகப் பயன்படும் யூனிகோடு முறைக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். கடைசியாக, பக்கத்தின் முகவரி. தலைப்பைத் தமிழில் எழுதினால் பல சேவைகள் முகவரியையும் தமிழிலேயே வைத்துவிடும். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்துகளாக விரியும். "லட்டு" என்பதில் ல, ட, புள்ளி, ட, உகரக்குறி என்று ஐந்து குறிகள். முகவரியில் அது 45 எழுத்துகள் கொண்ட விகார வரிசையாகிவிடும். பார்ப்பவர்கள் அதை ஏதோ மோசடி இணைப்பு என்று நினைத்துத் தொடமாட்டார்கள். முகவரியை மட்டும் தனியாக ஆங்கில எழுத்தில் மாற்ற அந்தச் சேவை இடம் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாக இருக்கிறது. அது போதும்தானே?

போதாது. உங்களிடம் வாங்குபவர்களில் பெரும்பாலோர் செல்பேசியில்தான் பார்ப்பார்கள். பில்டருக்குள் இருக்கும் "மொபைல் தோற்றம்" என்ற முன்னோட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். உண்மையான இணைப்பை, உங்கள் வீட்டில் இருப்பதிலேயே பழைய செல்பேசியில், வைஃபையை அணைத்துவிட்டுத் திறங்கள். சிக்னல் சுமாராக இருக்கும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது. முதல் பக்கம் வந்து நிற்கும்வரை மனத்துக்குள் எண்ணுங்கள். நான் ஐந்துக்கு மேல் எண்ண நேர்ந்தால் அந்த டெம்ப்ளேட்டை விட்டுவிடுவேன்.

மெதுவாக இருந்தால் உடனே சேவையைக் குறை சொல்லவும் வேண்டாம். செல்பேசிப் படம் ஒன்று நான்கைந்து எம்பி இருக்கும், அதை அப்படியே ஏற்றியிருப்பீர்கள். சுமார் 200 கேபி அளவுக்குச் சுருக்கி ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் எது தாமதம் செய்கிறது என்று தனித்தனியாகக் காட்டும். ஆனால் அதற்குத் தளம் வெளியே திறந்திருக்க வேண்டும், இரண்டாம் கேள்வியில் சொன்ன மூடிய சோதனைத் தளங்களில் இது நடக்காது.

ஆர்டர் வருமா, பணம் வந்து சேருமா என்பதைச் சோதனையிலேயே பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். ஷாப்பிஃபையில் பொய்ப் பணம் செலுத்தும் சோதனை வழி ஒன்று இருக்கிறது. ரேசர்பே போன்ற பணப் பரிமாற்றச் சேவைகளிலும் சோதனை நிலை உண்டு. ஆர்டர் எப்படிப் பதிவாகிறது, மின்னஞ்சல் எங்கே போகிறது, ரத்து செய்தால் என்ன நடக்கிறது என்பதை இவற்றில் பார்க்கலாம். உண்மையான பணம் வாங்க வேண்டும் என்றால் பான், வங்கிக் கணக்கு விவரங்களைக் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கலாம் என்பதால், சோதனை தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் பில்டர் உங்கள் பணப் பரிமாற்றச் சேவையோடும் யுபிஐயோடும் இணைகிறதா என்பதுதான் முதல் கேள்வி. இணையவில்லை என்றால் மற்ற எதையும் பார்க்கத் தேவையில்லை.

பிறகு நீங்களே வாடிக்கையாளராக மாறி ஒரு ஆர்டர் போடுங்கள். இதில் நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் பெயர்க் கட்டம். முதற்பெயர், கடைசிப்பெயர் இரண்டையும் நிரப்பினால்தான் மேலே போக விடுவார்கள். நமக்கோ ஒரு பெயரும் ஒரு தலைப்பெழுத்தும்தான். தலைப்பெழுத்தை மட்டும் போட்டால் "மிகச் சிறியது" என்று மறுக்கும் படிவங்கள் இருக்கின்றன. பின்கோடு ஆறு இலக்கம் ஏற்கிறதா, மாநிலப் பட்டியலில் தமிழ்நாடு இருக்கிறதா, செல்பேசி எண் பத்து இலக்கத்தோடு ஒத்துக்கொள்கிறதா, அனுப்பும் செலவு எடைப்படி கூடுகிறதா என்றும் பாருங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாத ஒருவரிடம் செல்பேசியைக் கொடுத்து, பக்கத்தில் அமர்ந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் கவனியுங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கேதான் ஆர்டர் நழுவும்.

ஏஐ அரை நிமிடத்தில் தளத்தைச் செய்து தருகிறதாமே?

தருகிறது, தொடக்கத்துக்கு நல்ல வழியும்கூட. ஆனால் அது எழுதித் தரும் வாசகங்களை வரி வரியாகப் படியுங்கள். சென்ற ஆண்டு கடை தொடங்கியவருக்குப் "பல்லாண்டு அனுபவம்" என்றும், இல்லாத வாடிக்கையாளர் பாராட்டுகளையும் அது எழுதித் தந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பெயரில் வெளியாகும் பொய்க்கு நீங்கள்தான் பொறுப்பு. தமிழ் வாசகங்களை நீங்களே எழுதுவது நல்லது. கடைக்கு வருபவரிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படி எழுதினால் போதும்.

கூகுளில் தேடினால் என் சோதனைத் தளம் வரவே இல்லையே?

வராதது சரிதான். நாள் கணக்குள்ள சோதனைத் தளங்களைத் தேடுபொறிகளுக்கு மறைத்தே வைப்பார்கள். இலவசத் திட்டத்தில் வெளியிட்டிருந்தாலும் கூகுள் வந்து பார்க்க நாளாகும். தேடலில் எந்த இடத்தில் வரும் என்பதை 14 நாளில் சோதிக்க முடியாது, அதை உறுதியளிப்பவர்களையும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பும் சிறுகுறிப்பும் படத்துக்கு விளக்கமும் எழுத இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு வருடச் சந்தா கட்டினால் டொமைன் இலவசம் என்கிறார்கள். அங்கேயே வாங்கிவிடலாமா?

வாங்கலாம், ஆனால் இலவசம் பெரும்பாலும் முதல் ஆண்டுக்கு மட்டும்தான். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை இப்போதே பாருங்கள். சந்தாப் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது டொமைனுக்கு வேறு விதி வரும். வேர்ட்பிரஸ் டாட் காமில் சந்தாவுக்கு 14 நாள் என்றால் புதிய டொமைனுக்கு 96 மணி நேரம்தான். டாட் காம் போன்ற டொமைன்களைப் பதிந்த முதல் 60 நாட்களுக்கு வேறு பதிவாளரிடம் (டொமைன் பதிந்து தரும் நிறுவனம்) மாற்றவும் முடியாது.

நான் டொமைனைத் தனியாக ஒரு பதிவாளரிடம் வாங்கச் சொல்வேன். டாட் காம், டாட் இன் இரண்டுமே ஏற்றவை. தமிழிலேயே வேண்டும் என்றால் டாட் இந்தியா என்பது தமிழ் எழுத்திலேயே கிடைக்கிறது. ஆனால் லட்டு விஷயத்தில் சொன்ன அதே சிக்கல் வேறு வடிவில் வரும், மின்னஞ்சலுக்கும் அது எல்லா இடத்திலும் ஏற்கப்படுவதில்லை. கூடுதல் முகவரியாக வைத்துக்கொள்ளலாம்.

மாதம் 199 ரூபாய் என்று போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் எட்டாயிரத்துக்கு மேல் கேட்கிறது, ஏன்?

அந்த 199 ரூபாய், மூன்று ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் வரும் விலையாக இருக்கும். 36 மாதத்துக்கு 7,164 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,289 ரூபாய் 52 காசு. மொத்தம் 8,453 ரூபாய் 52 காசு. டாலரில் விலை சொல்பவர்களிடம் வாங்கினால் வங்கியும் தன் பங்குக்கு நாணய மாற்றுக் கட்டணம் பிடிக்கும். இதற்கெல்லாம் மேலாக, புதுப்பிக்கும்போது மாத விலையே பலமடங்கு ஏறியிருக்கலாம். "புதுப்பித்தல் கட்டணம்" என்று சிறிய எழுத்தில் இருப்பதுதான் உண்மையான விலை, மற்றது அறிமுகச் சலுகை.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு பைசா செலவில்லை. சோதனையின் முதல் நாளிலேயே வாங்கும் பட்டனை அழுத்தி, பணம் செலுத்தும் கடைசிப் பக்கம்வரை போய், அங்கே தெரியும் மொத்தத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். நீங்கள் கேட்காத கூடுதல் சேவைகள் டிக் செய்யப்பட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். முதல்முறை எப்போதும் மாதச் சந்தாவையே எடுங்கள். கணக்குப்படி கொஞ்சம் அதிகம்தான், ஆனால் மூன்றாவது மாதம் விட்டுப் போகும் உரிமை உங்கள் கையில் இருக்கும்.

பின்னால் பிடிக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வேறு இடம் போக முடியுமா?

இதை நான் சோதனையின் கடைசியில் அல்ல, இரண்டாம் நாளே பார்க்கச் சொல்கிறேன். உள்ளே ஐந்து பொருட்கள் இருக்கும்போதே வெளியேறும் கதவு திறக்கிறதா என்று பார்ப்பது எளிது. ஐந்நூறு பொருட்களும் மூன்று ஆண்டு ஆர்டர்களும் சேர்ந்த பிறகு பார்த்தால் தாங்காது.

சேவைக்குச் சேவை இது மிகவும் மாறுபடும். வேர்ட்பிரஸில் பதிவுகளையும் பக்கங்களையும் ஒரு கோப்பாக இறக்கி, வேறு ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்க இடம் தரும் சேவை) உள்ள வேர்ட்பிரஸில் ஏற்றிவிடலாம். அந்த மென்பொருள் 2003 முதல் எல்லோருக்கும் திறந்தது, எந்த ஒரு நிறுவனத்துக்குள்ளும் அடைபட்டதல்ல. பிளாகரிலும் முழு எழுத்தையும் இறக்கலாம். ஷாப்பிஃபை பொருட்பட்டியலை அட்டவணைக் கோப்பாகத் தருகிறது. ஸ்கொயர்ஸ்பேஸ் ஒரு பகுதியைத் தருகிறது. விக்ஸில் முழுத் தளத்தையும் அப்படியே வெளியே கொண்டுபோக வழி இல்லை, அது அவர்களிடம்தான் இயங்கும். இதனால் விக்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்து பக்கத் தளத்தைத் திரும்பக் கட்ட ஒரு நாள் போதும். ஆனால் வாரம் இரண்டு கட்டுரை எழுதப் போகிறவர் இதை யோசித்துத்தான் நுழைய வேண்டும்.

எந்தச் சேவையானாலும் மூலப் படங்களையும் வாசகங்களையும் முன்பு சொன்ன கோப்புறையிலேயே வைத்திருங்கள், தளத்தில் மட்டும் இருப்பதாக எதையும் விடாதீர்கள். வேர்ட்பிரஸைக் கணக்கே தொடங்காமல் தொட்டுப் பார்க்க விரும்பினால் வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்று தேடுங்கள். உலாவிக்குள்ளேயே இயங்கும், சேமிக்காமல் மூடினால் எல்லாம் போய்விடும், பழகிப் பார்க்க அதுவே வசதி.

ரத்து செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் பணம் பிடித்துவிட்டார்கள். என்ன செய்வது?

எனக்கே இது நடந்திருக்கிறது. ஒரு சேவையில் தளத்தை அழித்துவிட்டு, சந்தாவும் அதோடு போய்விட்டது என்று நம்பி இருந்தேன். தளம் வேறு, சந்தா வேறு என்பது ஓராண்டு கழித்து வங்கிக் குறுஞ்செய்தி வந்தபோதுதான் தெரிந்தது. அவர்களுடைய கெடு தாண்டிவிட்டதால் பணம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு, ரத்து செய்ததும் வரும் மின்னஞ்சல் கைக்கு வந்து சேரும்வரை ரத்தானதாக நான் கணக்கில் எடுப்பதில்லை.

நம் ஊர்க் கார்டுகளுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 2021 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பிடிக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்னதாக வங்கி தகவல் தர வேண்டும். 2022 ஜூனில் உயர்த்தப்பட்ட வரம்பின்படி, 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் உங்கள் ஒப்புதல் வேண்டும். அந்தக் குறுஞ்செய்தி வந்தவுடன் வங்கிச் செயலியில் அந்தச் சந்தாவின் தானியங்கி ஒப்புதலை நிறுத்திவிடலாம். பிடித்துவிட்டார்கள் என்றால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள், அப்போது படம் பிடித்து வைத்தவை உதவும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. இதே விதியால் சில வெளிநாட்டு நிறுவனங்களின் தானியங்கிப் பிடித்தம் நம் கார்டுகளில் நடக்காமல் போய், சந்தா முடிந்து, தளம் நின்றுபோவதும் உண்டு. தளம் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் புதுப்பிக்கும் தேதியைத் தாங்களே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

தெரிந்த தம்பி ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்குச் செய்து தருகிறேன் என்கிறார். நான் ஏன் சோதிக்க வேண்டும்?

அவர் நன்றாகவே செய்து தரலாம். ஆனால் எந்த பில்டரில் செய்கிறார், சந்தா யார் பெயரில், டொமைன் யார் மின்னஞ்சலில் என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அவருக்கு வேலை செய்ய அனுமதி கொடுத்தால் போதும், பெரும்பாலான சேவைகளில் இன்னொருவரைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்ட பிறகு கடவுச்சொல்லுக்காக அலைந்தவர்கள் என்னிடம் பலர் வந்திருக்கிறார்கள்.

பணம் கொடுக்கும் முன், சோதனைக் கணக்கில் ஒரு பொருளின் விலையை நீங்களே மாற்றிப் பாருங்கள். வெல்லம் விலை ஏறினால் ஒவ்வொரு முறையும் அந்தத் தம்பியைத் தேட வேண்டியிருக்குமா என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சோதனைக்காகப் போட்ட தளங்கள் மூன்று கிடக்கின்றன. அப்படியே விட்டுவிடலாமா?

நாள் கணக்குள்ள சோதனைகள் தானாக மூடிக்கொள்ளும். காலவரம்பில்லாத இலவசத் தளங்கள்தான் ஆபத்து, அவை அங்கேயே கிடக்கும். முதலில் தளத்தை வெளியீட்டிலிருந்து எடுங்கள், பிறகு அழியுங்கள், பிறகு கணக்கை மூடுங்கள். கார்டு கொடுத்திருந்தால் ரத்து பற்றிய பதிலில் சொன்னபடி சந்தாவைத் தனியாகப் பாருங்கள். சோதனை ஆர்டரில் உறவினர்களின் பெயர், முகவரி, எண்களைப் போட்டிருந்தால் அவற்றையும் நீக்கிவிடுங்கள்.

மேலே சொன்ன அப்பளக்கார அம்மாவுக்கே இது நேர்ந்தது. புதிய தளம் நன்றாக நடந்துகொண்டிருந்த நேரத்தில், சென்னையிலிருந்து ஒருவர் அழைத்து, கூழ் வற்றல் கால் கிலோ 60 ரூபாய் என்று போட்டிருக்கிறதே, இப்போது ஏன் கூடுதலாகக் கேட்கிறீர்கள் என்றார். நாங்கள் முதலில் சோதித்துவிட்டுக் கைவிட்ட பழைய தளத்தை அவர் தேடிப் பிடித்திருந்தார். அந்த அம்மா மறுபேச்சில்லாமல் 60 ரூபாய்க்கே அனுப்பி வைத்தார். அன்று மாலையே உட்கார்ந்து பழைய தளத்தை அழித்தோம்.